கணவரின் பெட்டியில் உங்கள் மாத்திரைகள் போகலாமா?

கேள்வி: என் கணவருக்கு ஜப்பானில் இரண்டு ஆண்டுப் பணி கிடைத்திருக்கிறது. அவர் முதலில் போகிறார். பள்ளி ஆண்டு முடிந்ததும் நானும் ஒன்பது வயது மகனும் போய்ச் சேர்ந்துகொள்வோம். வழியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் என் தங்கை வீட்டில் நான்கு நாள் தங்குவதாக இருக்கிறோம். எனக்கு வலிப்பு நோய் உண்டு. லெவெடிரசெட்டமும் குளோனசெபாமும் தினமும் சாப்பிடுகிறேன். மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) என்று கண்டறிந்து, மெத்தில்ஃபெனிடேட் 10 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் மதியமும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு வேண்டிய மாத்திரைகளை வாங்கி மொத்தமாகத் தன் பெட்டியில் எடுத்துப் போய்விடுவதாகக் கணவர் சொல்கிறார். தீர்ந்த பிறகு அம்மா மாதாமாதம் தபாலில் அனுப்பலாம் என்பது எங்கள் திட்டம். அட்டையிலிருந்து பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டுவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார் ஓர் உறவினர். இதற்கிடையில் கணவரின் அலுவலகம் குடும்பத்தினரின் நோய், மருந்து விவரங்களைக் கேட்டு ஒரு படிவம் அனுப்பியுள்ளது. எதை எழுதுவது, எதை விடுவது? மொழி தெரியாத நாட்டில் மருத்துவமனைக்குப் போனால் எங்களுக்கு என்ன உரிமைதான் இருக்கும்?

பதில்: கணவரின் பெட்டி, அம்மாவின் தபால், உறவினரின் வைட்டமின் டப்பா ஆகிய மூன்று யோசனைகளுக்கும் என் பதில் "வேண்டாம்" என்பதுதான். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன். அதற்கு முன்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவமனை மருந்தாளுநராக நான் அடிக்கடி காண்பது இது: வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்கள்கூடத் தங்களைப் பயணிகளாகவே எண்ணிக்கொண்டு, எத்தனை மாதத்துக்கு மருந்து எடுத்துப் போகலாம் என்று மட்டும் கேட்கிறார்கள். பத்து நாள் சுற்றுலாவுக்கு அந்தக் கேள்வி போதும். இரண்டு ஆண்டு வாழப் போகிறவர்கள் கேட்க வேண்டியது, கையில் உள்ள மருந்து தீர்வதற்குள் அங்குள்ள ஒரு மருத்துவரிடம் முறையான நோயாளியாக எப்படிச் சேர்வது என்பதே. இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், ஆறு மாத மாத்திரைகளைச் சுமக்க வேண்டிய அவசியமே இருக்காது.

உங்கள் வீட்டில் மூன்று மருந்துகளும் ஒரே டப்பாவில் இருக்கலாம். சட்டத்தின் பார்வையில் அவை வேறு வேறு வகை. மனநிலையை மாற்றும் மருந்துப்பொருள்கள் பற்றிய 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, அத்தகைய பொருள்களை நான்கு அட்டவணைகளாகப் பிரித்து, முதல் அட்டவணைக்கு மிகக் கடுமையான கட்டுப்பாட்டையும் நான்காவதற்கு ஓரளவு தளர்ந்த கட்டுப்பாட்டையும் விதிக்கிறது. உங்கள் மகனின் மெத்தில்ஃபெனிடேட் இரண்டாம் அட்டவணையிலும், உங்கள் குளோனசெபாம் நான்காம் அட்டவணையிலும் இருக்கின்றன. லெவெடிரசெட்டம் எதிலும் இல்லை. சொந்தச் சிகிச்சைக்காகப் பயணிகள் சிறிதளவு எடுத்துச் செல்வதை நாடுகள் அனுமதிக்க அந்த உடன்படிக்கையின் நான்காம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அனுமதிப்பதும், என்ன நிபந்தனையோடு அனுமதிப்பது என்பதும் அந்தந்த நாட்டின் விருப்பம். ஒரு நாட்டில் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து இன்னொரு நாட்டின் எல்லையில் குற்றப்பொருளாகிவிடுவது இதனால்தான்.

இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சில சான்றுகள் சொல்லலாம். ஏ.டி.எச்.டி.க்கு அமெரிக்காவில் பரவலாக எழுதப்படும் ஆம்ஃபெட்டமைன் மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுவரவே முடியாது. மருத்துவரின் கடிதம் இருந்தாலும் முடியாது. அதே நோய்க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட்டை விதிகளுக்கு உட்பட்டு எடுத்துச் செல்லலாம். உங்கள் மகன் சாப்பிடுவது இரண்டாவது மருந்து என்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. டிராமடால் என்ற வலிநிவாரணி எந்தப் பன்னாட்டு அட்டவணையிலும் இல்லை; ஆயினும் எகிப்திலும் அமீரகத்திலும் அது கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்குப் பல நாடுகள் தரும் மெத்தடோனை ரஷ்யா அந்தச் சிகிச்சைக்கே தடை செய்திருக்கிறது. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்பட்டு, சில நாடுகளில் கடையில் தாராளமாகக் கிடைக்கும் சி.பி.டி. எண்ணெய், 2023 பிப்ரவரி 1 முதல் ஹாங்காங்கில் ஆபத்தான போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. நாடுவாரியான பயணிகள் விதிகளை வியன்னாவில் உள்ள பன்னாட்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் தன் இணையதளத்தில் தொகுத்து வைத்துள்ளது. தேடலை அங்கே தொடங்கலாம். ஆனால் இறுதி வார்த்தை நீங்கள் போகும் நாட்டின் அரசு அலுவலகத்தினுடையது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், போன ஆண்டு போய்வந்த நண்பர் சொன்னார் என்பது போதாது.

இனி ஜப்பான். மருந்துச்சீட்டில் வாங்கும் சாதாரண மருந்துகளை ஒரு மாதத் தேவை அளவுக்குச் சொந்த உபயோகத்துக்காக முன் அனுமதியின்றி எடுத்துச் செல்லலாம். சீட்டில்லாமல் வாங்கும் மருந்துகளுக்கு இது இரண்டு மாதம். அதற்கு மேல் வேண்டுமானால், 'யுன்யூ காக்குனின்ஷோ' எனப்படும் இறக்குமதி உறுதிச் சான்றிதழை, புறப்படுவதற்கு முன்பே அந்நாட்டின் மண்டல சுகாதார நல அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். உங்கள் லெவெடிரசெட்டத்துக்கு இந்த வழி பொருந்தும். இரண்டு மூன்று மாதங்களுக்கு வேண்டியதை இந்தச் சான்றிதழோடு எடுத்துச் செல்லலாம்.

குளோனசெபாமும் மெத்தில்ஃபெனிடேட்டும் ஜப்பானியச் சட்டத்தில் மனநிலை மாற்றும் மருந்துகள் என்ற தனிப்பிரிவைச் சேர்ந்தவை. இந்தப் பிரிவில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மொத்த அளவு குறிக்கப்பட்டுள்ளது. அதைத் தாண்டினால், உங்கள் சிகிச்சைக்கு அது தேவை என்பதைக் காட்டும் மருத்துவர் சான்று கையில் இருக்க வேண்டும். இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு: இம்மருந்துகளை நோயாளியே தன்னோடு எடுத்து வர வேண்டும். வேறொருவர் சுமந்து வரவோ, தபாலில் அனுப்பவோ கூடாது. கணவரின் பெட்டியும் அம்மாவின் தபாலும் இந்த ஒரு விதியிலேயே அடிபட்டுப் போகின்றன. மனைவி பெயரில் உள்ள குளோனசெபாம் கணவரின் பெட்டியில் இருந்தால், அவர் அந்த மருந்துக்கு உரிய நோயாளி அல்லர். சுங்க அதிகாரியின் முன் அவர் கட்டுப்பாட்டு மருந்தை நாட்டுக்குள் கொண்டுவரும் ஓர் ஆள், அவ்வளவே. மருந்துச்சீட்டு உண்மையானது என்பதும், குடும்பப் பெயர் ஒன்றே என்பதும் இதை மாற்றாது.

தபாலைப் பற்றி இன்னும் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் தபாலில் அனுப்புவதைப் பலரும் தவறாகவே நினைப்பதில்லை. 2015ஆம் ஆண்டு ஜூனில், ஜப்பானின் மிகப்பெரிய கார் நிறுவனம் ஒன்றில் உயர்பதவிக்கு வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி, ஆக்ஸிகோடோன் என்ற வலிமாத்திரைகள் அடங்கிய பார்சல் அவர் பெயருக்கு வந்ததற்காகக் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ மூன்று வாரக் காவலுக்குப் பிறகு வழக்குத் தொடரப்படாமல் விடுவிக்கப்பட்டார்; ஆனால் அதற்குள் பதவியிலிருந்து விலகியிருந்தார். ஆக்ஸிகோடோன் உங்கள் மருந்துகளைவிடக் கடுமையான பிரிவைச் சேர்ந்தது என்பது உண்மை. ஆயினும் பதவியும் வழக்கறிஞரும் உள்ள ஒருவருக்கே அந்த மூன்று வாரங்கள் தவிர்க்க முடியாதவையாக இருந்தன என்பதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். பார்சலில் இருப்பது அன்பாகவே இருந்தாலும், அதைப் பிரித்துப் பார்ப்பவருக்குத் தெரிவது மாத்திரைகள் மட்டுமே.

வைட்டமின் டப்பா யோசனை இவற்றுள் மிக மோசமானது. அளவு சற்று மிகுந்துவிட்டதோ, ஒரு தாள் குறைந்துவிட்டதோ விளக்கிச் சொல்லக்கூடிய பிழை. அட்டையைப் பிரித்து வேறு பெயரொட்டிய டப்பாவில் போடுவது மறைக்கும் நோக்கத்துக்குச் சான்றாகிவிடும். அதன் பிறகு நீங்கள் தரும் எந்த விளக்கமும் சந்தேகத்தோடுதான் கேட்கப்படும். மாத்திரைகள் மருந்துக்கடை ஒட்டிய பெயர்ச்சீட்டோடு, தொழிற்சாலை அட்டையிலேயே இருக்கட்டும். அவை சரக்குப் பெட்டியில் போகக்கூடாது. உங்களுடையது உங்கள் கைப்பையிலும், மகனுடையது அவன் பெயர் எழுதிய தனிப் பையில், அவனோடும் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும் ஒரு நாளில், குளோனசெபாம் திடீரென்று நின்றுபோவதால் வரும் ஆபத்து சுங்கச் சோதனையைவிடப் பெரிது. பல மாதம் சாப்பிட்டுவந்த குளோனசெபாமைச் சட்டென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு மீளலாம்; அடுத்தடுத்துத் தொடர்ந்து வரவும் கூடும்.

வீட்டு மருந்துப் பெட்டியையும் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். சளிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். அது பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துக்கு ஜப்பானில் தடை. இருமல் மருந்தில் கோடீன் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் அது அங்கே போதை மருந்தாகக் கருதப்படும். இவை உங்களுக்கு உயிர் மருந்துகள் அல்ல; வீட்டிலேயே விட்டுவிடலாம்.

தங்கை வீட்டுக்குப் போகும் நான்கு நாள்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவது வேறு. குடிவரவைத் தாண்டி நாட்டுக்குள் நுழைவது வேறு. நீங்கள் நுழைகிறீர்கள். அமீரகத்தில் கட்டுப்பாட்டு மருந்துகளை எடுத்துவர அரசின் இணையவழிச் சேவையில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். மருந்துச்சீட்டையும் மருத்துவ அறிக்கையையும் கடவுச்சீட்டுப் பிரதியையும் கேட்பார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நான்கு நாள்தானே என்று நான்கு நாளுக்கான மாத்திரைகளை மட்டும் விண்ணப்பத்தில் காட்டக்கூடாது. ஜப்பானுக்கென்று நீங்கள் வைத்திருக்கும் ஒரு மாதக் கையிருப்பு முழுவதும் அந்த எல்லையையும் கடக்கிறது. ஆகவே முழு அளவையும் காட்ட வேண்டும். அனுமதி வந்து சேராவிட்டால், தங்கையைப் பார்ப்பதை வேறொரு சமயத்துக்குத் தள்ளிவைத்து, அந்நாட்டுக்குள் நுழையாத வழியில் பயணச்சீட்டை மாற்றிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும் என் பரிந்துரை அதுவே.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து புறப்படுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கட்டுப்பாட்டு மருந்துகளை வெளியே கொண்டு செல்லவும் சில நாடுகள் விதி வைத்துள்ளன. எடுத்துக்காட்டாக, பிரிட்டனிலிருந்து மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அளவை எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும். தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவர்களுக்கு முப்பது நாளுக்குச் செல்லுபடியாகும் தனிச் சான்றிதழ் இருக்கிறது. உங்கள் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஆறு மாத மருந்துச்சீட்டை அல்ல, ஒழுங்காக எழுதிய ஒரு கடிதத்தை. உங்களுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று ஆங்கிலத்தில் தனித்தனியே இருக்க வேண்டும். பெயர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும். பிறந்த தேதி, நோயின் பெயர், மருந்தின் பொதுப்பெயர், ஒரு மாத்திரையின் வலிமை, ஒரு நாளுக்கு எத்தனை, எத்தனை நாளுக்கு, ஆக மொத்தம் எத்தனை மாத்திரை என்பன தெளிவாக இருக்க வேண்டும். மருத்துவரின் பதிவு எண்ணும் கையொப்பமும் தேதியும் தொடர்பு விவரமும் இல்லாத கடிதத்துக்கு மதிப்பில்லை. மொத்த எண்ணிக்கையும் பையில் உள்ள மாத்திரைகளும் ஒத்துப்போகின்றனவா என்று புறப்படும் நாளில் நீங்களே எண்ணிப் பாருங்கள். சுங்கத்தில் காட்டும் கடிதத்தில் உங்கள் மருத்துவ வரலாறு முழுவதும் தேவையில்லை. ஸ்கேன், ஈ.ஈ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) அறிக்கைகள், முன்பு கொடுத்து ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திய மருந்துகள், கடைசியாக வலிப்பு வந்த காலம் ஆகியவற்றை அங்குள்ள மருத்துவருக்காக வேறு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுப்பெயரை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், வணிகப்பெயர்கள் எல்லை தாண்டினால் நம்பத்தக்கவை அல்ல என்பதே. அமெரிக்காவில் ஃப்ளோமேக்ஸ் என்றால் புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். அதே பெயரில் இத்தாலியில் விற்கப்பட்டது அழற்சியைத் தணிக்கும் வேறொரு மருந்து. இது போன்ற பெயர்க் குழப்பங்களைக் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006ஆம் ஆண்டில் எச்சரிக்கை விடுத்தது. ஒரே மருந்துக்கு உலகெங்கும் ஒரே பொதுப்பெயர் வழங்கும் ஏற்பாட்டை உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் நடத்திவருகிறது. ஜப்பானில் குளோனசெபாம் ரிவோட்ரில், லேண்ட்சன் என்ற பெயர்களிலும், லெவெடிரசெட்டம் இ-கெப்ரா என்ற பெயரிலும் கிடைக்கிறது. ஆகவே உங்கள் இரு மருந்துகளும் அங்கே உண்டு. அவற்றைத் தொடர்வதில் பெரிய சிக்கல் வராது.

மகனின் மருந்தில்தான் சிக்கல். இதை எத்தனை முன்னதாகத் தெரிந்துகொள்கிறீர்களோ அத்தனைக்கு நல்லது. அவன் சாப்பிடும் குறுகிய நேர மெத்தில்ஃபெனிடேட், அதாவது ரிட்டாலின் வகை மாத்திரை, 2007 முதல் ஜப்பானில் நார்கோலெப்சி என்ற உறக்க நோய்க்கு மட்டுமே தரப்படுகிறது, ஏ.டி.எச்.டி.க்கு அங்கே அதை எழுதமாட்டார்கள். ஏ.டி.எச்.டி.க்குக் கிடைப்பது கான்செர்ட்டா என்ற நீண்ட நேர வடிவம். அதையும் எல்லா மருத்துவரும் எழுத முடியாது. அதற்கெனப் பதிவுபெற்ற மருத்துவர் எழுதி, பதிவுபெற்ற மருந்தகம் வழங்க வேண்டும். நோயாளியையும் அந்த முறையில் பதிவுசெய்து அட்டை தருவார்கள். ஒரு முறைக்கு முப்பது நாளுக்கு மேல் தரமாட்டார்கள். ஒரு மாதக் கையிருப்போடு போய் இறங்கிய பிறகு இந்த மருத்துவரைத் தேடத் தொடங்கினால், மாத்திரை தீரும் நாள் முந்திக்கொள்ளும்.

ஆகவே இரண்டு காரியங்களை இப்போதே தொடங்க வேண்டும். முதலாவதாக, மகனின் மருத்துவரிடம் நிலையை விளக்கி, நீண்ட நேர வடிவத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அளவை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். பழைய மில்லிகிராமைக் கூட்டிப் பார்த்து நீங்களாக மாற்ற வேண்டாம். அந்த மாத்திரையை உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும் என்பதால், அவனுக்கு அது முடிகிறதா, பசியும் உறக்கமும் எப்படி இருக்கின்றன என்பதையெல்லாம் பழகிய மருத்துவரின் கண்காணிப்பிலேயே பார்த்துவிடலாம். மதிய வேளைக்குப் பள்ளியில் மாத்திரை கொடுக்கும் தொல்லையும் இதனால் நீங்கும். மாற்றம் ஒத்துக்கொள்ளாவிட்டால், அட்டொமாக்செட்டின், குவான்ஃபசின் ஆகியவையும் ஜப்பானில் ஏ.டி.எச்.டி.க்கு ஒப்புதல் பெற்றவை. அவற்றைப் பற்றிப் பேசவும் அப்போது நேரம் இருக்கும். இரண்டாவதாக, முன்னால் போகும் உங்கள் கணவருக்கு மாத்திரை சுமப்பதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்ததும், பதிவுபெற்ற குழந்தை மனநல மருத்துவர் அல்லது குழந்தை நரம்பியல் மருத்துவரைக் கண்டுபிடித்து, நீங்கள் வந்திறங்கும் வாரத்துக்கே சந்திப்பு நாள் வாங்கி வைக்க வேண்டும். காத்திருப்பு ஒரு மாதத்தைத் தாண்டும் என்று தெரியவந்தால், கட்டுப்பாட்டு மருந்தைக் கூடுதலாக எடுத்துவருவது பற்றி ஜப்பானின் மண்டல சுகாதார நல அலுவலகத்துக்கு எழுதி, அவர்களின் பதிலை எழுத்தில் பெற்ற பிறகே புறப்படுங்கள்.

இப்போது உரிமைகள். உலக மருத்துவச் சங்கம் 1981இல் லிஸ்பனில் வெளியிட்ட நோயாளி உரிமைப் பிரகடனம், சிகிச்சை பற்றித் தெரிந்துகொள்வது, சம்மதிப்பது அல்லது மறுப்பது, வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது, அந்தரங்கம் காக்கப்படுவது ஆகியவற்றை நோயாளிக்கு உரியவையாகச் சொல்கிறது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையின் பன்னிரண்டாம் பிரிவு உடல்நலத்தை அனைவருக்கும் உரிய உரிமையாக்குகிறது. ஆனால் வரவேற்பு மேசையில் நின்றுகொண்டு லிஸ்பன் பிரகடனத்தைச் சொல்லிப் பயனில்லை. அது மருத்துவர்களின் அறநெறி. உங்களுக்குக் கைகொடுப்பது அந்நாட்டின் சட்டமே. அதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

ஜப்பானின் மருத்துவர் சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவு, தகுந்த காரணமின்றி எந்த மருத்துவரும் சிகிச்சை கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது. வெளிநாட்டவர் என்பது மட்டும் தகுந்த காரணம் ஆகாது. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் தகுதியுள்ளவர்கள் பொது மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும். கணவர் பணியாளர் காப்பீட்டில் சேர்ந்தால் நீங்களும் மகனும் அவரைச் சார்ந்தவர்களாகச் சேரலாம். செலவில் பொதுவாக முப்பது சதவீதத்தை நீங்கள் கட்டினால் போதும். முன்பே இருந்த நோய் என்று சொல்லி இந்தக் காப்பீடு உங்களை விலக்காது. உங்களைப் போன்ற குடும்பத்துக்கு இது எந்தப் பிரகடனத்தையும்விட மதிப்புள்ள உரிமை என்பது என் கருத்து. உங்கள் மருத்துவப் பதிவுகளைக் காட்டும்படி கேட்கவும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உங்களுக்கு உரிமை உண்டு. நாடு திரும்பும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டியவை சில. முதலிலேயே பெரிய மருத்துவமனைக்குப் போகாதீர்கள்; பரிந்துரைக் கடிதமின்றி அங்கே வரும் புதிய நோயாளியிடம், சிகிச்சைக் கட்டணத்துக்கு மேல் குறைந்தது 7,000 யென் தனிக்கட்டணமாக வாங்கும் முறை 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. அருகிலுள்ள கிளினிக்கில் தொடங்கி, அங்கிருந்து கடிதம் பெற்றுப் போங்கள். மருந்துச்சீட்டு எழுதிய நாளையும் சேர்த்து நான்கு நாள்தான் செல்லும். வார இறுதியில் மறந்துவிட்டால் மறுபடி மருத்துவரிடம் போக நேரும். மருந்தகத்தில் 'ஒகுசுரி தேச்சோ' என்ற சிறு குறிப்பேட்டைத் தருவார்கள். வாங்கும் ஒவ்வொரு மருந்தும் அதில் பதிவாகும். வலிப்பு நோயாளியான நீங்கள் அதை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள். எல்லா மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். சந்திப்பு நாள் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மகனை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். அவன் ஆறு மாதத்தில் அந்த மொழியைப் பேசத் தொடங்கிவிடக்கூடும். அதற்காகத் தாயின் வலிப்பைப் பற்றி மருத்துவரிடம் அவன் வாயால் பேச வைப்பது அவனுக்கும் நல்லதன்று, சிகிச்சைக்கும் நல்லதன்று.

வெளியிலிருந்து மருந்து வரவழைப்பதில் இழப்பு ஒன்றும் உண்டு. அதை அதிகம் பேர் அறிவதில்லை. ஒப்புதல் பெற்ற மருந்தை முறைப்படி உட்கொண்டும் கடும் பக்கவிளைவுக்கு ஆளானவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் அரசுத் திட்டம் ஜப்பானில் 1980 முதல் இருக்கிறது. தனிப்பட்ட முறையில் இறக்குமதி செய்த மருந்தால் வந்த பாதிப்பு அதில் சேராது. வலிப்பு மருந்துகளில் சில, அரிதாகவேனும், உயிருக்கு ஆபத்தான தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை என்பதால், உங்களுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

அலுவலகப் படிவத்தில், யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்காக என்றால், உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். மறைத்தால் பின்னர் இழப்பீடு மறுக்கப்படலாம். வேலை கொடுத்தவரின் கோப்புக்காக என்றால், மனைவியின் வலிப்பும் மகனின் ஏ.டி.எச்.டி.யும் கணவரின் வேலைத் தகுதிக்குத் தொடர்பற்றவை. ஜப்பானில் நோய் வரலாறு தனிக்கவனம் தேவைப்படும் தகவலாக 2017 முதல் வகைப்படுத்தப்பட்டுள்ளது. பொதுவாக உரியவரின் சம்மதமின்றி அதைப் பெறக்கூடாது. எதற்காக, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று கணவர் மின்னஞ்சலில் கேட்கட்டும். விடை வரும் வரை அந்தப் பகுதியை நிரப்பாமல் விடுவது தவறாகாது.

எல்லாம் சரியாகச் செய்தும் சுங்கத்தில் நிறுத்தப்பட்டால் பதற்றப்பட வேண்டாம். கேட்பதற்கு முன்பே மருந்துகளைத் தெரிவித்துவிட்டு, கடிதத்தையும் சான்றிதழையும் நீட்டுங்கள். புரியாத மொழியில் உள்ள தாளில் கையொப்பமிடாதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஒருவேளை தடுத்து வைக்கப்பட்டால், உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமையைத் தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் முப்பத்தாறாம் பிரிவு தருகிறது. நீங்கள் கேட்டால் அதிகாரிகள் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அதே மூச்சில், தினமும் வலிப்பு மருந்து சாப்பிட வேண்டியவர் என்பதையும் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கும் வெளியே கிடைக்கும் தரத்தில் மருத்துவம் தர வேண்டும் என்பது கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் இருபத்து நான்காவது.

விடுமுறைக்கு வீடு திரும்பும்போதும் இதே விதிகள் எதிர்த்திசையில் பொருந்தும். ஜப்பானில் வாங்கிய கட்டுப்பாட்டு மருந்தை அங்கிருந்து வெளியே எடுத்து வருவதற்கும் அந்நாட்டின் விதி உண்டு. திரும்பிப் போகையில் ஊரிலிருந்து கூடுதலாக வாங்கிப் போக முயலாமல், ஜப்பானிய மருத்துவரிடம் பயண நாள்களைச் சொல்லி, அதற்கேற்ப முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.